எட்டுக் கலை வேற்றுமை

மாணாக்கருக்கு வானசாஸ்திரங் கற்பிக்கும் உபாத்தியாயர்களாகிய நாம், பூமி சூரியனைச் சுற்றுகின்றது என்றும், அது செல்லும் வழி நீள்வளையம் என்றும் ஆண்டுதோறும் சொல்லிவருகின்றோம். பிள்ளைகளும் அவ்விரண்டையும் பரீட்சைத் தாளிலே பிழையின்றி எழுதுகின்றார்கள். எழுதிய பிள்ளையை நோக்கி, இஃது உனக்கு எங்ஙனந் தெரியும் என்று வினாவினால், புத்தகத்திலே உள்ளது என்பதன்றி வேறு விடை கிடைத்தல் அரிது. அவ்வினாவையே ஒருவர் நம்மை நோக்கி வினாவின், அதனினும் மேலான விடையைச் சொல்ல நாம் வல்லமோ என்பது நம்முள்ளே ஆராயத்தக்கது.

பல ஆண்டுகளுக்கு முன்னே, யான் ஒன்பதாம் வகுப்பிலே இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபொழுது, கடைசி வாங்கிலிருந்த ஒரு மாணாக்கன் எழுந்து, "ஐயா, காலையிலே கிழக்கிற் கண்ட சூரியனை மாலையிலே மேற்கிற் காண்கின்றோம். அசைவது சூரியனாகவே தோன்றுகின்றது. அசைவது பூமியென்று சொன்னவர்கள் அதனை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டான். யான், "புத்தகத்தில் உள்ளதை எழுது, நேரம் போகின்றது" என்று சொல்லி அவனை இருத்தினேன். அவன் இருந்தான். அவ்வாண்டு முடியும்வரையும் அவன் வேறொரு வினாவுங் கேட்கவில்லை.

யான் இளமையிலே மிஷன் பாடசாலையிற் கற்றவன். அங்கே நல்லதொரு நூல்நிலையம் இருந்தது. வானசாஸ்திரிகளின் சரித்திரங்கள் அங்கே இருந்தன. சிலவற்றைப் படித்தும் இருந்தேன். ஆயினும் அவை பரீட்சைக்கு வேண்டாதன என்று கருதி, அவற்றை வகுப்பறைக்குட் கொண்டுவந்தேனல்லேன். அம்மாணாக்கனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையே இக்கட்டுரை.

எட்டுக் கலையின் அளவு

வட்டத்தை 360 பாகையாகவும், பாகையை 60 கலையாகவும், கலையை 60 விகலையாகவும் பகுப்பது பஞ்சாங்கம் பார்ப்பவர் யாவரும் அறிந்ததே. பூரணச் சந்திரனுடைய அகலம் ஏறக்குறைய 31 கலை. ஆகவே எட்டுக் கலை என்பது சந்திரனுடைய அகலத்திலே நான்கில் ஒரு பங்கு. ஒரு சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு பொருளை நாலேகால் மீற்றர் தூரத்திலே வைத்துப் பார்த்தால், அது நம் கண்ணுக்கு எட்டுக் கலை அகலமாகத் தோன்றும். இவ்வளவு சிறிய வேற்றுமை ஒன்றே, இரண்டாயிரம் ஆண்டு நிலைபெற்றிருந்த ஒரு கொள்கையை வீழ்த்திற்று. அது வீழ்ந்த வரலாற்றை ஒழுங்காக நோக்குவோம்.

வட்டத்தின்மேற் கொண்ட பற்று

பிளேட்டோ, அரிஸ்ரோட்டில் என்னும் கிரேக்க ஞானிகள் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலே விளங்கினவர்கள். வானத்துப் பொருள்கள் மண்ணுலகப் பொருள்களைப்போல மாறுவனவும் அழிவனவும் அல்ல என்பது அரிஸ்ரோட்டில் கொள்கை. மாறாத பொருளின் இயக்கமும் குறைவற்றதாதல் வேண்டும். குறைவற்ற வடிவம் வட்டம். ஆகவே வானத்துப் பொருள்கள் வட்டத்திலே ஒரே வேகத்தோடு செல்லும் என்று கொண்டார்கள். நம் அளவை நூலார் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைச் சொல்வர். மேற்கூறிய வாதத்திலே கருதல் உண்டு. அக்கருதலைத் தாங்கும் காட்சி போதாது. பின்வந்தவர்களுக்கோ அது உரையாகவே ஆயிற்று.

ஆயினும் கண்ணுக்குத் தோன்றுவது வேறு. செவ்வாய் நட்சத்திரங்களுக்கிடையே கிழக்கு நோக்கிச் செல்லும். ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை நின்று, இரண்டு மாதத்துக்குச் சற்று மேலாகப் பின்னோக்கிச் சென்று, மீண்டும் நின்று, முன்போலச் செல்லும். இதனையே பஞ்சாங்கத்தில் வக்கிரம் என்கின்றோம். வட்டத்திலே ஒரே வேகத்தோடு செல்லும் பொருள் பின்வாங்குதல் எங்ஙனம்?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே எகிப்து தேசத்து அலெக்சாந்திரியா நகரத்திலிருந்த தொலமி இதற்கு ஒரு கணிதம் வகுத்தார். பூமியைச் சுற்றும் பெரிய வட்டத்தின்மேல் ஒரு சிறிய வட்டத்தின் நடு செல்லும். அச்சிறிய வட்டத்தின்மேற் கிரகம் செல்லும். இவ்விரு இயக்கமுங் கூடும்பொழுது கிரகம் சில காலம் பின்வாங்குவதாகத் தோன்றும். இதுவும் முற்றாகப் பொருந்தாமையினாலே, பூமியை வட்டத்தின் நடுவினின்றும் சற்றே விலக்கி வைத்தார். வேகம் ஒரே தன்மையாய்த் தோன்றுதற்கு வேறொரு புள்ளியையும் வைத்தார். இக்கணிதம் ஏறக்குறைய 1400 ஆண்டு வழங்கிற்று. அவ்வளவு காலம் வழங்கிய ஒன்றை மூடக்கொள்கை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுதல் தகாது. அது கிரகம் நிற்கும் இடத்தைப் பெரும்பாலும் பொருந்தவே காட்டிற்று. பூமியே சூரியனைச் சுற்றுகின்றது என்று சாமோஸ் தீவினராகிய அரிஸ்தார்க்கஸ் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தும், அதனை ஏற்றவர் மிகச் சிலர்.

1543ஆம் ஆண்டிலே போலந்து தேசத்துக் கொப்பர்நிக்கஸ் தமது நூலை வெளியிட்டார். சூரியனை நடுவிலே வைத்து, பூமியைக் கிரகங்களுள் ஒன்றாக்கினால், வக்கிரத்துக்குத் தனிக் காரணந் தேட வேண்டியதில்லை என்று அவர் காட்டினார். நாம் ஏறியிருக்கும் பஸ் ஒரு சைக்கிளைக் கடக்கும்பொழுது, தூரத்துப் பனைமரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், முன்னோக்கிச் செல்லுஞ் சைக்கிள்காரன் பின்னோக்கிப் போவதுபோலத் தோன்றுவான். அவ்வாறே விரைந்து செல்லும் பூமி, மெல்லச் செல்லுஞ் செவ்வாயைக் கடக்கும்பொழுது செவ்வாய் பின்வாங்குவதாகத் தோன்றுகின்றது.

இங்கே உபாத்தியாயர்கள் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. கொப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தாரேயன்றி வட்டத்தை விட்டாரல்லர். ஒரே வேகத்தோடு கூடிய வட்டவியக்கத்திலே தொலமியைக் காட்டிலும் அவருக்குப் பற்று மிகுதி. ஆதலால் அவர் கணிதத்திலும் சிறிய வட்டங்கள் இருந்தன. கிரகம் நிற்கும் இடத்தைக் காட்டுவதிலே அது பழைய கணிதத்தினும் பெரிதுஞ் சிறந்ததாயிருக்கவில்லை. கொப்பர்நிக்கஸ் உண்மையைக் கண்டவுடன் இருள் நீங்கிற்று என்று பாடநூல்கள் சொல்வது சரித்திரத்துக்கு ஒவ்வாது.

மறுத்தவர் அறிவிலியல்லர்

தென்மார்க்கு தேசத்துப் பிரபுவாகிய தைக்கோ பிராகே (1546–1601) கொப்பர்நிக்கஸ் கொள்கையை ஏற்கவில்லை. அவர் மறுத்தது பிடிவாதத்தினாலன்று. பூமி இடம்பெயருமாயின், ஆறு மாத இடையீட்டிலே இரண்டு இடங்களினின்று பார்க்கும்பொழுது நட்சத்திரங்கள் சற்றே விலகித் தோன்றல் வேண்டும். வண்டியிலே போகின்றவனுக்கு அணித்தான மரம் தூரத்து மரத்தோடு இடம்மாறித் தோன்றுதல் இதற்கு உவமை. தைக்கோ அவ்விலகலைத் தேடினார், கண்டிலர். ஆகவே கிரகங்கள் சூரியனைச் சுற்றுகின்றன, சூரியன் அவற்றோடு பூமியைச் சுற்றுகின்றது என்று இடைப்பட்டதொரு கொள்கையை வகுத்தார்.

அவ்விலகல் உண்மையில் உண்டு. நட்சத்திரங்கள் எண்ணற்கரிய தூரத்தில் இருத்தலால், நமக்கு மிக அணித்தான நட்சத்திரத்துக்கும் அவ்விலகல் இரண்டு விகலையிலுங் குறைவு. வெறுங் கண்ணுக்குத் தோன்றாது. 1838ஆம் ஆண்டிலேதான் ஜேர்மனியராகிய பெசெல் அதனை அளந்து வெளியிட்டார். தைக்கோ கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை வர இருநூறு ஆண்டுக்கு மேற் சென்றது. பெரியதோர் உண்மையை மறுத்தவர் எல்லாரையும் அறிவிலிகள் என்று பிள்ளைகள் எண்ணும்படி கற்பித்தல் தவறு என்பதற்கு இஃது ஒரு சான்று.

தைக்கோ செய்த பெருந்தொண்டு வேறொன்று. அரசன் கொடுத்த வேன் என்னும் தீவிலே 1576ஆம் ஆண்டுமுதல் இருபது ஆண்டுக்கு மேலாக, பெரிய கருவிகளை நிறுவி, கிரகங்களின் இடத்தை இரவுதோறும் அளந்து எழுதிவைத்தார். தூரதிருஷ்டிக் கண்ணாடி அக்காலத்தில் இல்லை. வெறுங் கண்ணால் அளந்தும், அவர் அளவிலே பிழை பெரும்பாலும் இரண்டு கலைக்கு மேற்படாது. அவருக்கு முன்னிருந்தோர் பத்துக் கலைப் பிழையைப் பெரிதாகக் கருதினாரல்லர். 1572ஆம் ஆண்டிலே வானத்திற் புதிதாய்த் தோன்றிய நட்சத்திரத்தை அளந்து, அது சந்திரனுக்கு அப்பால் உள்ளது என்று அவர் காட்டியபொழுது, வானம் மாறாதது என்ற அரிஸ்ரோட்டில் கொள்கையும் தளர்ந்தது.

ஓர் உபாத்தியாயர்

யோகான்னஸ் கெப்ளர் 1571ஆம் ஆண்டிலே ஜேர்மனியிலே வறிய குடும்பத்திற் பிறந்தவர். சிறுவயதில் வந்த அம்மைநோயினால் அவருக்குக் கண்பார்வை குறைந்தது. 1594ஆம் ஆண்டிலே கிராஸ் நகரத்துப் பாடசாலையிலே கணித உபாத்தியாயரானார். முதலாம் ஆண்டிலே அவரிடம் கணிதங் கற்க வந்தவர் சிலரே. இரண்டாம் ஆண்டிலே ஒருவரும் வரவில்லை. வகுப்பிலே பிள்ளைகள் குறைந்தமையால் மனந்தளரும் உபாத்தியாயர்கள் இதனை நினைத்து ஆறுதலடைவார்களாக.

1595ஆம் ஆண்டிலே வகுப்பிலே கரும்பலகையிற் படம் வரைந்துகொண்டிருந்தபொழுது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. அக்காலத்திலே அறியப்பட்ட கிரகங்கள் பூமியோடு ஆறு. அவற்றின் இடைவெளிகள் ஐந்து. எல்லாப் பக்கமும் ஒத்த திண்மவுருவங்களும் ஐந்தே என்பது பழைய கேத்திரகணித முடிவு. ஆகவே ஐந்து இடைவெளிகளிலும் ஐந்து உருவங்கள் அமைந்திருத்தல் வேண்டும் என்று கருதினார். அவ்வெண்ணத்தினால் அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அடுத்த ஆண்டிலே அதனை ஒரு நூலாக வெளியிட்டார். அவ்வெண்ணம் பிழை என்பதை இன்று நாம் அறிவோம். அதனை மெய்ப்பிக்க நுண்ணிய அளவுகள் வேண்டியிருந்தமையே அவரைத் தைக்கோவிடத்திற் சேர்த்தது.

1600ஆம் ஆண்டிலே, சமயவேறுபாடு காரணமாகக் கிராஸ் நகரத்தினின்று வெளியேற்றப்பட்ட கெப்ளர், அப்பொழுது பிராக் நகரத்துச் சக்கரவர்த்தியின் ஆதரவிலிருந்த தைக்கோவோடு சேர்ந்தார். ஒருவரிடத்திலே அளவுகள் இருந்தன. மற்றவரிடத்திலே கணிதம் இருந்தது. செவ்வாயின் செல்வழியைக் கணித்தல் கெப்ளர் பங்காயிற்று. எட்டு நாளில் முடித்துவிடலாம் என்று அவர் எண்ணினார். ஏறக்குறைய ஐந்து ஆண்டு சென்றது. 1601ஆம் ஆண்டிலே தைக்கோ இறந்தார். அவர் எழுதிவைத்த அளவுகள் கெப்ளர் கையிலே வந்தன.

எட்டுக் கலையின் முன்னே

கெப்ளரும் முன்னோரைப்போல வட்டத்தையே கொண்டு தொடங்கினார். குறைந்தது எழுபது முறை கணித்துக் கணித்துத் திருத்தி, செவ்வாய் தோன்றுந் திசையை இரண்டு கலைக்குள்ளே பொருந்தக் காட்டும் வட்டக்கணிதம் ஒன்றை அமைத்தார். அங்ஙனம் பொருந்தியபொழுது, வேலை முடிந்தது என்று நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. சூரியனுக்குஞ் செவ்வாய்க்கும் உள்ள தூரத்தை வேறு வழியாற் சோதித்தார், அது பொருந்தவில்லை. தூரம் பொருந்தும்படி கணிதத்தைத் திருத்தினார். திசை சில இடங்களிலே எட்டுக் கலை வேறுபட்டது.

வேறொருவராயின், அளந்தவர் பிழை அது என்று தள்ளியிருப்பார். பழையோர் அளவிலே பத்துக் கலைப் பிழை பொறுக்கத்தக்கதாயிருந்தமையால், எட்டுக் கலையை மறைத்துவிடுதல் எளிது. ஆயின் தைக்கோ இரண்டு கலைக்கு மேற் பிழைபடார் என்பது கெப்ளருக்குத் தெரியும். பிழை அளவிலன்று, தமது கருத்திலே உள்ளது என்று அவர் கொண்டார். அந்த எட்டுக் கலையே வானசாஸ்திரம் முழுவதையும் புதுக்குதற்கு வழிதிறந்தது என்று தமது நூலிலே பின்னர் அவரே எழுதிவைத்தார்.

வட்டத்தை விட்டபின்னும் உடனே விடை தோன்றவில்லை. முட்டை வடிவினதாகிய ஒரு வழியைக் கொண்டு நெடுங்காலம் இளைத்தார். அவ்வேலையிலே கணக்குக்கு எளிமை கருதி நீள்வளையத்தைத் துணையாகப் பயன்படுத்தியும், அதுவே விடை என்பதை அறிந்திலர். 1605ஆம் ஆண்டிலேதான், செவ்வாயின் செல்வழி நீள்வளையம், சூரியன் அதன் நடுவிலன்றி இரண்டு குவியங்களுள் ஒன்றில் உள்ளது என்று தெளிந்தார். சூரியனுக்கு அணித்தாய் வரும்பொழுது கிரகம் விரைந்தும், தூரத்திலே செல்லும்பொழுது மெல்லவும் செல்லும். சூரியனையுங் கிரகத்தையும் இணைக்குங் கோடு சமகாலத்திலே சமபரப்பை அளக்கும் என்பதும் அவர் கண்டதே. இவையிரண்டும் 1609ஆம் ஆண்டிலே அச்சேறின. வட்டமும் போயிற்று, ஒரே வேகமும் போயிற்று.

நீள்வளையத்தின் இயல்புகளைக் கெப்ளருக்கு ஏறக்குறைய 1800 ஆண்டுக்கு முன்னே அப்பொல்லோனியஸ் என்னும் கிரேக்கர் ஆராய்ந்து எழுதிவைத்தார். கிரகங்களுக்கு அது பயன்படும் என்று அவர் கருதினாரல்லர். இக்கணக்கு எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதனைச் சொல்லலாம்.

பின் வந்தோர்

கெப்ளர் கண்டதை உலகம் உடனே ஏற்கவில்லை. கலிலியோ 1610ஆம் ஆண்டிலே தூரதிருஷ்டிக் கண்ணாடியினால் வியாழனைச் சுற்றும் நான்கு சந்திரர்களைக் கண்டு வெளியிட்டார். வெள்ளி பிறைபோலத் தேய்ந்து வளர்தலையுங் கண்டார். பூமி அசைகின்றது என்ற கொள்கைக்காக 1633ஆம் ஆண்டிலே விசாரணைக்குட்பட்டு, தம் வீட்டிலேயே காவலில் இருந்து உயிர்நீத்தார். அத்துணைப் பெரியவரும், நீள்வளையம் வெளிவந்து 23 ஆண்டு கழிந்தபின் 1632ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே வட்டத்தை விடவில்லை. கெப்ளர்தாமும் ஐந்து திண்மவுருவக் கருத்தை இறுதிவரையும் விட்டாரல்லர். பற்று முழுவதும் நீங்கினவர் எவருமில்லை. ஒரு பற்றையேனும் அளவின் முன்னே விட்டவரே அறிவை வளர்த்தார்.

1619ஆம் ஆண்டிலே கெப்ளர் மூன்றாவது விதியை வெளியிட்டார். ஒரு கிரகம் சூரியனைச் சுற்றும் ஆண்டுகளின் வர்க்கம், பூமியின் சராசரித் தூரத்தை ஒன்றாகக் கொண்டளந்த அக்கிரகத்தின் சராசரித் தூரத்தினுடைய கனத்துக்குச் சமம். வியாழன் தூரம் 5.2, அதன் கனம் 140.6. வியாழன் சுற்றுங் காலம் 11.86 ஆண்டு, அதன் வர்க்கம் 140.7. இதனைப் பிள்ளைகள் தாமே பெருக்கிப் பார்க்கலாம்.

கிரகங்கள் எவ்வழி செல்லும் என்பதோடு நில்லாது, ஏன் அவ்வழி செல்லும் என்று கெப்ளர் கேட்டார். சூரியனிடத்திலே காந்தம்போல ஒரு வலி உண்டு என்று கருதினார். அக்கருத்துப் பொருந்தவில்லை, கேள்வி நிலைத்தது. 1687ஆம் ஆண்டிலே நியூற்றன் அதற்கு விடை தந்தார். தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும் ஈர்ப்பு ஒன்றினாலேயே கெப்ளருடைய மூன்று விதிகளும் உண்டாகின்றன. மரத்தினின்று வீழுங் காயும் வானத்திற் செல்லுஞ் சந்திரனும் அவ்வொரு விதிக்கே அமைந்தன. மண்ணுக்கு ஒரு நியாயம், விண்ணுக்கு ஒரு நியாயம் என்ற பழைய பிரிவு அத்துடன் ஒழிந்தது.

பூமி அசைதற்கு நேரான சான்றுகள் அதன்பின்னரே வந்தன. 1728ஆம் ஆண்டிலே பிராட்லி என்பவர், பூமி செல்லும் வேகத்தினால் நட்சத்திரங்களின் ஒளி சற்றே சாய்ந்து வருதலை விளங்கினார். 1851ஆம் ஆண்டிலே பூக்கோ என்பவர் பாரிஸ் நகரத்திலே 67 மீற்றர் நீளமுள்ள கம்பியிலே ஊசற்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடுந் திசை மெல்லத் திரும்புதலால் பூமி தன்னைத்தான் சுற்றுதலை யாவருங் காணக் காட்டினார். யாழ்ப்பாணத்திலே அவ்வாறு தொங்கவிட்டால், திசை மணிக்கு ஏறக்குறைய இரண்டரைப் பாகை திரும்பும். என் மாணாக்கன் கேட்ட வினாவுக்கு, பெசெலும் பிராட்லியும் பூக்கோவுமே நேரான விடை.

இரண்டு வேற்றுமைகள்

நியூற்றன் சாஸ்திரத்துக்கும் ஒரு நாள் வேற்றுமை தோன்றிற்று. 1781ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்ட யுரேனஸ் என்னுங் கிரகம் கணித்த வழியினின்றும் விலகிச் சென்றது. அப்பாலுள்ள வேறொரு கிரகம் அதனை இழுக்கின்றது என்று பிரெஞ்சுக்காரராகிய லெவெரியேயும் ஆங்கிலேயராகிய அடம்ஸும் தனித்தனியே கணித்தார்கள். லெவெரியே எழுதிய கடிதங் கிடைத்த அன்றிரவே, 1846ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி, பேர்லின் நகரத்திலே நெப்டியூன் காணப்பட்டது. சொன்ன இடத்துக்கும் கண்ட இடத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு பாகைக்குட்பட்டது.

அதே லெவெரியே 1859ஆம் ஆண்டிலே புதன் வழியிலும் ஒரு வேற்றுமையைக் கண்டார். சூரியனுக்குப் புதன் மிக அணித்தாய் வரும் இடம் மெல்ல நகர்கின்றது. பிற கிரகங்களின் இழுப்பைக் கழித்தபின்னும் நூறு ஆண்டுக்கு 43 விகலை மிஞ்சுகின்றது. அது எட்டுக் கலையாகப் பெருகுதற்குப் பதினொரு நூற்றாண்டு செல்லும். முன்போலவே மறைந்ததொரு கிரகம் உண்டு என்று கருதி, அதற்கு வல்கன் என்று பெயருமிட்டுத் தேடினார்கள். அப்படியொரு கிரகம் இல்லை. 1915ஆம் ஆண்டிலே ஐன்ஸ்ரைன் ஈர்ப்பைப்பற்றிய புதிய கொள்கையை வெளியிட்டபொழுது, அந்த 43 விகலையும் அக்கணக்கினின்று தானே வந்தது. 1919ஆம் ஆண்டு மே மாதம் 29ஆந் திகதி நிகழ்ந்த சூரியகிரகணத்திலே, சூரியனருகே நட்சத்திரவொளி வளைதல் அளக்கப்பட்டு அக்கொள்கை வலுப்பெற்றது.

யுரேனஸ் வேற்றுமையிலே பழைய விதி நிலைத்துப் புதிய கிரகம் கிடைத்தது. புதன் வேற்றுமையிலே புதிய கிரகம் இல்லாது பழைய விதி திருந்திற்று. தொடக்கத்திலே இரண்டும் ஒரே தன்மையாகத் தோன்றின. பிழை எங்கே உள்ளது என்பதை வேற்றுமை தானே சொல்லாது. தேடியே அறிதல் வேண்டும். பிரெஞ்சு ஞானியாகிய டூயெம் 1906ஆம் ஆண்டிலே இதனை வற்புறுத்தினார். நியூற்றன் சாஸ்திரத்தை உறுதியான அறிவுக்கு உதாரணமாகக் கொண்டு, அத்தகைய அறிவு எங்ஙனங் கூடும் என்று 1781ஆம் ஆண்டிலே காண்ட் என்பவர் ஆராய்ந்தார். ஐன்ஸ்ரைனுக்குப்பின் 1934ஆம் ஆண்டிலே பொப்பர் என்பவர், ஒரு கொள்கை சாஸ்திரமாவதற்கு அடையாளம் அது பிழையெனக் காட்டப்படுதற்கு இடங்கொடுத்தலே என்றார். இவ்வாறு, வானத்தை அளந்தவர் கண்ட சிறு வேற்றுமைகளே அறிவு என்பது யாது என்ற தத்துவ விசாரணையையும் மாற்றின.

வகுப்பறையிற் செய்யத்தக்கது

உபாத்தியாயர்களே, இச்சரித்திரத்தை முழுவதும் ஒரே பாடத்திற் சொல்ல முடியாது. ஒரு பாடவேளையிலே செய்யத்தக்க ஒன்றைச் சொல்லுகின்றேன். பலகையொன்றிலே 4.7 சென்ரிமீற்றர் இடைவிட்டு இரண்டு ஆணிகளை அறையுங்கள். இரண்டுக்கும் இடையே 50 சென்ரிமீற்றர் நூல் தொங்கும்படி நுனிகளைக் கட்டுங்கள். வெண்கட்டியினால் நூலை இறுக்கிப் பிடித்து மேற்பாதியை வரைந்து, பின் நூலைக் கீழே கொண்டுவந்து மற்றப் பாதியை வரையுங்கள். அதுவே செவ்வாயின் செல்வழி வடிவம். ஆணிகளுள் ஒன்று சூரியன். இது வட்டமோ அன்றோ என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வட்டம் என்றே பெரும்பாலோர் சொல்வர். பின்பு நீளத்தையும் அகலத்தையும் அளக்கச் செய்யுங்கள். கவனமாய் வரைந்திருப்பின், அகலம் நீளத்திலும் இரண்டு மில்லிமீற்றர் குறைந்திருக்கும். சூரியனோ நடுவினின்றும் ஏறக்குறைய 2.3 சென்ரிமீற்றர் விலகி நிற்கும். பாடநூற் படங்களிலே நீள்வளையம் வாழைப்பழம்போல நீண்டிருத்தலால், முன்னோர் இதனை அறியாதது எங்ஙனம் என்று பிள்ளைகள் வியக்கின்றார்கள். தாமே அளந்தபின், கண்டவர் எங்ஙனங் கண்டார் என்று வியப்பார்கள். இரண்டாவது வியப்பே கல்விக்கு உரியது.

அளக்கும்பொழுது ஒருவன் அளவு மற்றவர் அளவினின்றும் வேறுபடும். அவனைத் திருத்துமுன், அவ்வேற்றுமை கையிலிருந்து வந்ததா, நூல் தளர்ந்து வந்ததா என்று அவனையே தேடச் செய்யுங்கள். புத்தகத்திலுள்ள விடையைப் பார்த்துத் தன் அளவை மாற்றி எழுதும் பிள்ளை புள்ளி பெறுவான்; ஆயின் எட்டுக் கலையை மறைக்கப் பழகிவிடுவான்.

எனக்கு மறுமொழி தெரியாத வினாக்கள் இன்றும் வகுப்பிலே வருகின்றன. அவற்றைக் கரும்பலகையின் வலப்பக்கத்து மூலையிலே எழுதிவைத்து, ஒரு கிழமைக்குள் விடை தேடிச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். தேடியும் கிடைக்காதவற்றைக் கிடைக்கவில்லை என்றே சொல்லுகின்றேன். அதனால் உபாத்தியாயர்மேற் பிள்ளைகளுக்குள்ள மதிப்புக் குறையும் என்று முன்னே அஞ்சினேன், குறையவில்லை.

அன்று யான் இருத்திய மாணாக்கன் இப்பொழுது எங்கேயிருக்கின்றான் என்பதை அறியேன். அவன் கேட்ட கேள்வி, தைக்கோ கேட்ட கேள்வியே. அத்தகைய வினா நம் பாடசாலைகளிலே இனி எழும்பொழுது, நேரம் போகின்றது என்று சொல்லாதிருப்போமாக.